வேறு யாரும் குடியிருக்கிறார்களா?

இரண்டாம் பிரதிவாதியின் வாக்குமூலம். நீதிமன்ற ஆணையர் முன்பு, அவருடைய அறையில், சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. சாட்சியின் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு இணைக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்திரண்டு. மணமானவர். பிள்ளைகள் இல்லை. தொழில், கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பது.

நான் மேற்படி விலாசத்தில், வழக்கில் கண்ட வீட்டின் கீழ்த்தளத்தில், என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் மூன்றாம் பிரதிவாதி. குளிர்சாதனப் பெட்டிகள் பழுது பார்ப்பவர். அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவர் வாதி. எங்களுக்கு வீட்டை விற்றவர் முதல் பிரதிவாதி. வாதி அவருடைய காலஞ்சென்ற மனைவியின் தங்கை. தெருவில் எல்லோரும் வாதியைச் சித்தி என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வாதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னேன். சித்தி என்றே எழுதிக்கொள்ள ஆணையர் அனுமதித்தார். விற்றவரை இதில் பெரியவர் என்று குறிப்பிடுகிறேன்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் ஒரு ரொட்டிக் கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே அடுப்பு எரியும் நேரத்தில் எங்கள் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமானால் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. அந்தச் சமயத்தில் வீட்டுச் சொந்தக்காரர் தம் மகளுக்கு அந்த மாடி வேண்டும் என்று சொல்லி எங்களைக் காலி செய்யச் சொன்னார். அதன் பிறகுதான் நாங்கள் வீடு தேட ஆரம்பித்தோம்.

வீட்டுத் தரகர் ஒருவர் எங்களுக்கு வீடுகளைக் காட்டினார். எந்த வீட்டைக் காட்டினாலும் மின்னல் மாதிரி போய்விடும் என்று சொல்வதால் என் வீட்டுக்காரர் அவருக்கு மின்னல் என்று பேர் வைத்திருந்தார். மின்னல் எங்களை மேற்படி வீட்டுக்கு ஒரு காலை நேரத்தில் அழைத்துப் போனார். வீடு ஒரு மேட்டுத் தெருவின் மேல் முனையில் இருக்கிறது. பெரியவர் கதவைத் திறந்தார். அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுவார். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பதாகவும், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போவதாகவும் சொன்னார். சமையலறைக் குழாயை முக்கால் சுற்றுக்கு மேல் திருப்பினால் கத்தும் என்று சொல்லி, திருப்பியும் காட்டினார். என் வீட்டுக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு மாடிக்குப் போனோம். பின்பக்க அறையில் ஒற்றைக் கட்டில் இருந்தது. போர்வை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தது. ஜன்னல் விளிம்பில், ஒரு கைக்குட்டையின் மேல், பெண்கள் போடும் கண்ணாடி ஒன்று இருந்தது. நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; அது என் கைப்பழக்கம். படிப்பதற்கான கண்ணாடி. அன்று காலையில் துடைத்தது போல் சுத்தமாக இருந்தது. அந்த மாதிரி ஃப்ரேம் எங்கள் கடைக்கே அந்த வருஷம்தான் வந்தது. பெரியவரின் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துக் குளியலறையில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இது யாருடைய அறை என்று பெரியவரைக் கேட்டேன். மச்சினி எப்போதாவது வந்தால் தங்குவாள் என்று அவர் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்தது, இந்த அறையில் ஒருவர் இருக்கிறார் என்று. அதன் பிறகும் நான் திரைச்சீலைக்காக அந்த ஜன்னலைச் சாண் போட்டு அளந்தேன்.

அதன் பிறகு, கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் சொன்னதன் பேரில், பத்திரம் பார்க்கும் ஒரு பெண் வக்கீலிடம் போனோம். மருந்துக் கடை ஒன்றின் மேல் அவருடைய அலுவலகம். இவரை முதல் வக்கீல் என்று குறிப்பிடுகிறேன். எதற்கு வக்கீல், நாமே எழுதிக்கொள்ளக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் அவரிடமே கேட்டார். எழுதிக்கொள்ளலாம், பல்லைக்கூட நாமே பிடுங்கிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். வீடு இருவர் பேரிலுமா, ஒருவர் போய்விட்டால் மற்றவருக்குச் சேரும்படியா, இல்லை தனித்தனிப் பங்காகவா என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைப் பேசியதே இல்லை. பக்கத்து வீட்டோடு இருக்கும் சுவர் யாருடையது, மாடி கட்டியதற்கு அனுமதி உண்டா, கழிவுநீர் யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அதன் பிறகு, விற்பவரைத் தவிர வேறு யாரும் குடியிருக்கிறார்களா என்று கேட்டார். நான் கண்ணாடியைப் பற்றியும் துண்டைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தம்மா யாருன்னு தெரியணும். வீட்டுல அவங்களுக்கு உரிமை ஏதாவது இருந்தா, வீட்டோட சேர்ந்து அதுவும் உங்ககிட்ட வரும். அவங்க கையெழுத்து வாங்காம நான் முடிக்க மாட்டேன்."

அந்த அம்மாள் யார் என்று கேட்டு அவர் பெரியவரின் வக்கீலுக்கு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். இதற்கிடையில் ரொட்டிக் கடை மாடியில் வீட்டுச் சொந்தக்காரரின் மகள் வந்து எங்கள் அலமாரி இருக்கும் இடத்தில் தொட்டில் போடலாமா என்று அளந்து பார்த்தாள். மின்னல் வந்து, வேறொருவர் வீட்டைக் கேட்கிறார் என்றும், பெரியவரின் வக்கீலே இரண்டு தரப்புக்கும் பார்த்துக் கொடுத்துவிடுவார் என்றும், ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு வக்கீல் என்றும் சொன்னார். முதல் வக்கீல் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் வீடு வாங்குகிற மாதிரி இல்லை, மாப்பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் சிரித்து, சரி என்றேன். அவர் மட்டும் எடுத்த முடிவு என்று பதிவாகக் கூடாது. முதல் வக்கீலுக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அவர் கோபப்படவில்லை.

"காகிதத்தையெல்லாம் வந்து எடுத்துக்குங்க. அந்தம்மா கையெழுத்து மட்டும் இல்லாம முடிக்காதீங்க."

அதன் பிறகு பெரியவரின் வக்கீலின் அலுவலகத்துக்குப் போனோம். இவரை இரண்டாம் வக்கீல் என்று குறிப்பிடுகிறேன். குளிரூட்டிய அறை. குடிக்கக் குளிர்ந்த பழச்சாறு கொடுத்தார்கள். பெரியவரும் மின்னலும் இருந்தார்கள். இரண்டாம் வக்கீல் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து அவரே பதிலும் எழுதிக்கொண்டு வந்தார். வேறு யாரும் குடியிருக்கிறார்களா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். நான் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் தரையைப் பார்த்தார். ஆளைக் கண்ணால் பார்த்தீர்களா என்று இரண்டாம் வக்கீல் என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

"கண்ணாடியத்தானே பாத்தீங்க? கண்ணாடி குடியிருக்காதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு கையெழுத்துப் போட்டோம். பத்திரம் பதிவாயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி ஆணி வாங்கிக்கொண்டு வந்தார்.

குடி போன அன்று காலை லாரி எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. நாங்கள் சாவியோடு போனோம். சாவியைப் பூட்டில் விடுவதற்குள் கதவு உள்ளிருந்து திறந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வாங்க, வாங்க, பெயின்ட் அடிக்கிறவர்கள்தானே, அத்தான் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று சொன்னார். அத்தான் என்று அவர் சொன்னது பெரியவரை. மகன் வீட்டுக்குப் போயிருப்பதாகவும், சில வாரங்களில் வந்துவிடுவார் என்றும், வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எந்த அறையிலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம் என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு டீ போட உள்ளே போனார். நாங்கள் கூடத்திலேயே நின்றோம். அதற்குள் லாரிக்காரர்கள் எங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சித்தி டீயோடு வந்து அதைப் பார்த்து, பெயின்ட் அடிக்க இதெல்லாமா வேண்டியிருக்கிறது என்று சிரித்தார். டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். அவர் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

சித்தி மாடிப்படியில் உட்கார்ந்தார். அதன் பிறகு, எங்களிடம் கேட்பது போல் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"மாடி கட்டினது என் காசுல. என் ஃப்ளாட்டை வித்துக் கொடுத்தேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி விக்க முடியும்?"

லாரிக்காரர்கள் கட்டிலை எங்கே போடுவது என்று வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் எனக்குத் தெரிய வந்த விவரம் பின்வருமாறு. சித்தி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா படுக்கையில் விழுந்ததும் தன் ஃப்ளாட்டை விற்று, அந்தப் பணத்தில் மாடி கட்டச் சொல்லி, வந்து உடனிருந்து அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். பத்திரத்தில் தன் பேரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அக்கா வீட்டில் போய் அதைக் கேட்பார்களா என்று என்னிடம் சொன்னார்.

அன்று எங்களுக்கும் போக இடம் இல்லை, அவருக்கும் இல்லை. ஆகவே நாங்கள் கீழேயும் அவர் மேலேயுமாக இருந்துவிட்டோம். சமையலறை ஒன்றுதான். முதலில் ஒருவர் வெளியே வரும்வரை மற்றவர் உள்ளே போகாமல் இருந்தோம். பெரியவர் ஒருமுறை ஃபோன் செய்தார். நான்தான் எடுத்தேன். சித்தியிடம் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"தினமும் சொல்லிடணும்னுதான் சாப்பிட உக்காருவேன். அவ சோறு போடுவா. எனக்கு வாய் வராது."

அவ்வளவுதான் பேசினார். அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் இரண்டாம் வக்கீலிடம் போய்க் கேட்டார். கேஸ் போட்டால் இழுக்கும், கொஞ்சம் சிரமம் கொடுத்தால் வயசானவர் தானாகவே போய்விடுவார் என்று அவர் யோசனை சொன்னார். இதை என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து சொன்னார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வை மூடினார். சித்தி கீழே வந்து ஒன்றும் கேட்கவில்லை, சமையலறைக் குழாயைத் தொடவும் இல்லை. மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, தெருவின் கீழ் முனையில் இருக்கும் வீட்டிலிருந்து சித்தி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தோம். நாலு அடி நடப்பார், வாளியைக் கீழே வைப்பார், கை மாற்றிக்கொள்வார். எங்களைப் பார்த்ததும் வழி விட்டு ஓரமாக நின்றார். என் வீட்டுக்காரர் கருவிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் வாளியை வாங்கிக்கொண்டார். மாடி வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து வால்வைத் திறந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் வக்கீலிடம் மறுபடி போகவும் இல்லை.

இதன் பிறகு நாங்கள் சித்தியோடு பேச ஆரம்பித்தோம். ஒருநாள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் வீடு பார்க்க வந்தது எந்த நாள் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்று காலையில் பெரியவர் அவரை ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பை முழுசாகப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டிருக்கிறார். அவசரத்தில் சித்தி படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போய், ஆஸ்பத்திரியில் சீட்டைப் படிக்கப் பக்கத்தில் இருந்தவரின் உதவியைக் கேட்டிருக்கிறார்.

"அக்கா போனப்புறம் என் உடம்பைப் பத்தி யாரும் கேட்டதில்ல. அத்தான் இவ்வளவு அக்கறையாக் கேக்குறாரேன்னு பஸ்ல போகும்போதெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் காய் நறுக்குவதைத் தொடர்ந்தார். நான் கை கழுவுவது போலக் குழாயடியில் நின்றேன். நான் அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்ததை அவரிடம் அன்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் அவருடைய வக்கீலுக்குப் போகும்போதுதான் அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு சித்தி இலவச சட்ட உதவி மூலம் இந்த வழக்கைப் போட்டார். போடப் போவதை எங்களிடம் முன்னாலேயே சொன்னார். நீங்கள் கெட்டவர்கள் என்று போடவில்லை, இதில் என் பங்கும் இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்காகத்தான் என்றார். நோட்டீஸ் வந்ததும் இரண்டாம் வக்கீல் எங்கள் வீட்டுக்கே வந்தார். சித்தி மாடியில் இருந்ததால் வாசலில் நின்றே பேசினார். வீட்டில் வேறு ஒருவர் இருப்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்று சொன்னால் விற்பனை அசையாது என்றும், சித்தி பெரியவரிடம்தான் பணத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். கண்ணாடியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றார்.

அன்று மாலையே நானும் என் வீட்டுக்காரரும் முதல் வக்கீலிடம் போனோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் இரண்டு வழியையும் விளக்கினார்.

"நீங்க பாத்ததைச் சொன்னா, அந்தம்மா பங்கு உங்க வீட்டு மேல நிக்கும். வீட்டுக்குக் கடன் கொடுத்த பேங்க் சும்மா இருக்காது. வீட்டையே விக்கும்படி ஆனாலும் ஆகலாம். சொல்லலைன்னா வீடு உங்களுக்கு, அந்தம்மா வெளியே. எதைச் செய்யணும்னு நான் சொல்லப் போறதில்ல. மறைக்கிறதுன்னா மட்டும் வேற வக்கீலைப் பாத்துக்குங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்காக அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனவர். இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்னால், என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"கண்ணாடியப் பாத்தது நீ. உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆகவே சொல்கிறேன். மேற்படி வீட்டின் மாடி அறையில் ஒருவர் குடியிருக்கிறார் என்பது வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆளைப் பார்க்கவில்லை என்பது உண்மை. பார்த்தால் வாங்க முடியாமல் போய்விடும் என்பதால் பார்க்க முயலவில்லை என்பதும் உண்மை. சித்தி கேட்கும் பங்கை நானும் என் கணவரும் எதிர்க்கப் போவதில்லை. இதனால் வீடு விற்கப்படுமானால், நாங்களும் சித்தியும் ஆளுக்கொரு வாடகை அறை தேட வேண்டியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். முதல் வக்கீல் சொன்ன ஒரு கையெழுத்துக்காக அப்போது காத்திருந்திருந்தால், ஒன்று, சித்திக்கு விஷயம் தெரிந்து அவர் தன் பங்கைக் கேட்டு வாங்கியிருப்பார். இல்லை, நாங்கள் வேறு வீடு பார்த்திருப்போம். இரண்டில் எது நடந்திருந்தாலும் இன்று மூன்று பேர் ஒரு வீட்டை இப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

இன்று காலை நாங்கள் இங்கே வரக் கிளம்பியபோது வானம் மூட்டமாக இருந்தது. சித்தி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, திரும்பி வர நேரமாகுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"மழை வந்தா உங்க துணியையும் சேர்த்து எடுத்து வெச்சிடவா?"

எடுத்து வைங்க சித்தி என்றேன். நான் இங்கே என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

மேலே எழுதியிருப்பவை அனைத்தும் நானே சொன்னவை. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, மிரட்டியதும் இல்லை. இதனால் எனக்கு என்ன நஷ்டம் வரும் என்று என் வக்கீல் விளக்கிய பிறகே சொல்லியிருக்கிறேன். எழுதியதை ஆணையர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் திருத்தவோ குறைக்கவோ வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இரண்டாம் பிரதிவாதி

என் முன்னிலையில்
(ஒப்பம்)
நீதிமன்ற ஆணையர்